தரம் பிரிப்பவள்

மீனின் வயிற்றை முகர்ந்து தரம் சொல்வது என் வேலை.
காய்ந்த கோட் மீன். தட்டினால் மரக்கட்டை.
இது ஜெனோவாவுக்கு, இது லாகோஸுக்கு,
இது யாருக்கும் வேண்டாம்.
ஒரு மீனுக்கு மூன்று நொடி.
மூக்கு சொல்லும், கை போடும்,
நடுவில் நான் சும்மா நிற்பேன்.

வேரோய்த் தீவில் என் வாசலில் ஒரு நாய்.
பெயர் தெர்னா. தெர்னா என்றால் ஆலா.
பாதத்துக்கு ஆறு விரல்.
தலையைப் பின்னால் முதுகுவரை மடிக்கும்,
காதை உறைபோல் மூடிக்கொள்ளும்.
பாறை இடுக்கில் நுழைந்து பஃபின் பறவையை இழுத்துவரப் பிறந்த இனம்.
இப்போது பஃபினைத் தொடக் கூடாது.
அதனால் என் காலுறைகளை வேட்டையாடுகிறது.

செப்டம்பரில் இளைத்தது.
அக்டோபரில் வயிறு மட்டும் பருத்தது.
குட்டியா என்று கேட்டான் துறைமுகத்து இங்வார்.
தண்ணீர், என்றாள் பூடோவில் மருத்துவர் ஓஷில்ட்.
ஹெலிகாப்டரில் என் மடியில் நடுங்கி வந்த ஐந்தே கால் கிலோவில்
ஒரு கிலோ வெறும் தண்ணீர்.

திரையில் காட்டினாள்.
ஊதாவும் இளஞ்சிவப்புமாய் தெர்னாவின் குடல்,
அரிசிமணி அளவுக்குக் கிள்ளியெடுத்தது.
விரல்போல் நிமிர வேண்டிய உறிஞ்சிகள்
மொட்டையாய், குட்டையாய்.
கொழுப்பைச் சுமக்கும் பால்குழல்கள் வீங்கி வெடித்து,
ஆல்புமின் சொட்டுச் சொட்டாய்
குடலுக்குள் ஒழுகிப் போகிறது.
சுற்றிலும் நீலப் புள்ளிகள், எண்ண முடியாத நெரிசல்.
நிண அணுக்கள், என்றாள். காவலுக்கு வந்தவை.
திரும்பிப் போகவில்லை.

யாரோடு சண்டை?
தின்னும் இரையோடு.
பிறந்தது முதல் உள்ளே குடியிருக்கும் நுண்ணுயிர்களோடு.
பொறுத்துக்கொள்ளப் பழகியதை
மறந்துவிட்டது நோயெதிர்ப்பு.
ஏன்?
தோளை உயர்த்தினாள்.
முன்பு ஒரு நாய்க் கொள்ளைநோயில் இனமே துடைத்துப் போக,
மிஞ்சியவற்றை ஒரே பாதத்து விரல்களால் எண்ணிவிடலாமாம்,
அவற்றின் பாதத்து விரல்களால்.
ஒரே கடிதத்தை நகலெடுத்துக்கொண்டே போனால்
பிழையும் நகலாகும்.
அதுதான் காரணமா?
இருக்கலாம், என்றாள்.
‘இருக்கலாம்’ சொல்லும் மருத்துவரை எனக்குப் பிடிக்கும்.

கையேட்டில் படை, எதிரி, முற்றுகை என்று எழுதியிருந்தது.
எனக்கு ஒட்டவில்லை. எனக்குத் தெரிந்தது வேறு.

நான்கு வருடம் முன்பு ஒரு காய்ச்சலில்
என் மூக்கு செத்தது.
யாரிடமும் சொல்லவில்லை. பதினொரு நாள் மேசையில் நின்றேன்.
வாசனையற்ற உலகில் எந்த மீனும் சந்தேகம்.
சந்தேகம் வந்தால் கீழே தள்ளு, அது தொழில் விதி.
தள்ளினேன். நல்லதையெல்லாம் தள்ளினேன்.
ஜெனோவா மீன் குப்பையில் குவிந்தது.
அந்தப் பதினொரு நாளும்
நான் ஒரு நிமிடம்கூட அசரவில்லை.
கடைசியில் சிந்த்ரெ வந்து என் மணிக்கட்டைப் பிடித்தான்.
திட்டவில்லை.
“உட்கார், தூரிட்.”

ப்ரெட்னிசோலோன் அதைத்தான் செய்கிறது.
காலையில் ஒன்று, மாலையில் பாதி.
மூக்கைத் திருப்பித் தராது, மணிக்கட்டைப் பிடிக்கும்.
வாரம் ஒரு பி12 ஊசி, தோலுக்கடியில்.
அப்புறம் கொழுப்பில்லாத உணவு.
அந்தத் தீவில் எங்கே கிடைக்கும் என்று ஓஷில்ட் கவலைப்பட்டாள்.
சிரித்துவிட்டேன்.
ஊரே கொழுப்பற்ற மீனைக் கழியில் காயப்போட்டுப் பிழைக்கிறது.

முதல் தரம்தான் கொடுத்தேன்.
ஊறவைத்து, வேகவைத்து, உருளைக்கிழங்கோடு மசித்து.
இத்தாலிக்காரன் பார்த்தால் அழுவான்.

டிசம்பர். சூரியன் வராத ஒரு காலை, மணி பத்து.
கைவிளக்கோடு தெர்னாவுக்குப் பின்னால் நின்றேன்.
பனியில் கெட்டியாய், முழுதாய், ஆவி பறக்க.
குனிந்தேன். தொழில் பழக்கம், முகர்ந்தேன்.
படமெடுத்து ஓஷில்டுக்கு அனுப்பினேன், தரமும் எழுதி.

தெர்னா காதை மடித்து மூடிக்கொண்டது.
குடலுக்கு அப்படி ஒரு மூடி இல்லை.
எது விருந்து, எது விஷம் என்று
அது கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்,
நாள் முழுக்க, இருட்டில்.

மாத்திரையைக் குறைப்பதை மார்ச்சில் பார்க்கலாமாம்.
மார்ச்சில் கழிகளில் புது மீன் ஏறும்.